‘செட்’ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சோனகத் தெருவில் ‘ஸ்பேனர் செட்’ கேட்கிறோம். செட்டியார் தெருவில் ‘நகை செட்’ பார்க்கிறோம். வீட்டில் புடிங் ‘செட் ஆகல்ல’. வங்கிக் கடிதத்திலும் வழக்கறிஞர் அனுப்பிய தீர்ப்பிலும் பிள்ளையின் கணிதப் புத்தகத்திலும் அதே சொல் வேறு வேறு முகத்தோடு வருகிறது. ஆங்கிலம் படிக்கும் கொழும்புத் தமிழர்கள் இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டு வாசித்தால் பிடிபடும்.

ஒரு சின்னச் சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது?

இது உண்மையில் ஒரு சொல் இல்லை. இரண்டு சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுந்திருக்கின்றன.

முதலாவது வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்றிருந்தது. ‘சிட்’ என்றால் இரு. ‘செட்’ என்றால் இருத்து. நம்மிடம் இரு – இருத்து, கிட – கிடத்து, விழு – வீழ்த்து என்று தன்வினையும் பிறவினையும் சோடி சோடியாக இருப்பதுபோல அவர்களிடமும் ஒரு காலத்தில் இருந்தது. இன்று எஞ்சியிருப்பவை சிலதான்: சிட் – செட், லை – லே, ஃபோல் – ஃபெல், ரைஸ் – ரெய்ஸ். மரத்தை வீழ்த்துவதற்கு ‘ஃபெல் எ ட்ரீ’ என்று சொல்வது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இரண்டாவது பெயர்ச்சொல், கூட்டம் அல்லது தொகுதி என்ற பொருளில். இது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீன் ‘செக்டா’, அதாவது ஒரு வழியைப் பின்பற்றும் குழு. மதப்பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ இதன் உடன்பிறப்பு. ஒலி ஒன்றாகிப் போனதால் இரண்டு சொற்களும் கலந்துவிட்டன.

ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் 1989 ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு இந்த ‘செட்’ வினைக்குத்தான். 430 க்கு மேற்பட்ட பொருள்கள், ஏறக்குறைய 60,000 சொற்களில் விளக்கம். பிந்திய திருத்தத்தில் ‘ரன்’ 645 பொருளோடு அதை முந்திவிட்டது. எண்ணிக்கையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அன்றாடம் வேண்டியது இருபதோ முப்பதோதான்.

அந்த முப்பதையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

தேவையில்லை. நம்மிடம் இதற்கு ஒரு சாவி இருக்கிறது: ‘வை’ என்ற வினை. அலாரம் வை, நாள் வை, விலை வை, பொறி வை, நெருப்பு வை, பரீட்சை வை, காவல் வை, கால் வை. இத்தனையும் ஆங்கிலத்தில் ‘செட்’ ஆகும். செட் என் அலாம், செட் எ டேட், செட் எ ப்ரைஸ், செட் எ ட்ரப், செட் ஃபயர் டு, செட் என் எக்ஸாம், செட் எ கார்ட், செட் ஃபுட். ‘என்னை யோசிக்க வைத்தது’ என்பதுகூட ‘இட் செட் மீ திங்கிங்’ தான். ஒரு பொருளை அல்லது நிலையை இன்ன இடத்தில், இன்னதற்கு என்று நிறுத்திவிட்டு வருவதே ‘வை’, ‘செட்’ இரண்டுக்கும் உள்ளே கிடக்கும் எண்ணம்.

சாவி பொருந்தாத பூட்டுகளும் உண்டு. குழம்பு வைப்பதற்கு ‘மேக்’ அல்லது ‘குக்’. பெயர் வைப்பதற்கு ‘நேம்’ அல்லது ‘கிவ் எ நேம்’. தாடி வைப்பதற்கு ‘க்ரோ’. கண் வைப்பதில் இன்னும் கவனம் வேண்டும். தமிழில் ‘கண் வைச்சிட்டாங்கள்’ என்றால் கண்ணூறு அல்லது ஆசை. ஆங்கிலத்தில் ‘செட் ஐஸ் ஓன்’ என்றால் வெறுமனே பார்த்தல்; ‘ஐ ஹாவ் நெவர் செட் ஐஸ் ஓன் ஹிம்’ என்றால் அந்த ஆளைக் கண்டதே இல்லை. ஆசைப்படுவதற்கு ‘செட் வன்ஸ் ஹார்ட் ஓன்’, மனத்தை வைத்தல்.

‘வை’ என்றால் ‘கீப்’ என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்?

கொழும்பில் நல்ல ஆங்கிலம் பேசும் தமிழரிடமும் அகலாமல் இருக்கும் பிழை இதுதான். ‘ஐ கெப்ட் த புக் ஓன் த டேபிள்’ என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்ததாக நினைக்கிறோம். கேட்பவருக்கு விளங்குவது வேறு: புத்தகத்தை அங்கேயே வைத்திருந்தேன், எடுக்கவில்லை.

கீப் என்றால் வைத்திரு. புட் என்றால் வை, எப்படி வைத்தாலும் சரி. செட் என்றால் பார்த்து, சரிசெய்து, ஒரு நோக்கத்தோடு வை. சாவியை மேசையில் போட்டால் ‘புட்’. சாப்பாட்டு மேசையில் கோப்பை, கரண்டி, தண்ணீர்க் குவளையை முறைப்படி அடுக்கினால் ‘செட் த டேபிள்’. கடைசி ஆள் சாப்பிடும்வரை அதைக் கலைக்காமல் விட்டால் ‘கீப்’. ‘ஐ கெப்ட் என் அலாம்’ என்பதும் இதே பிழை. ‘ஐ செட் என் அலாம்’ என்று சொல்லிப் பழக வேண்டும்.

இறந்தகாலம் என்ன? ‘செட்டட்’ என்று சொல்லலாமா?

கூடாது. செட், செட், செட்: வினையின் மூன்று வடிவமும் ஒன்றுதான். கட், புட், ஹிட் மாதிரி. ‘ஹீ செட்ஸ்’ என்றால் வழக்கமாக வைக்கிறார். ‘ஹீ செட்’ என்றால் வைத்தார், வேறு வழியில்லை. ‘ஐ செட்’ என்று வந்தால் காலத்தை வடிவத்திலிருந்து பிரிக்க முடியாது. கூட வரும் ‘எவ்ரி டே’, ‘யெஸ்டடே’ போன்ற சொல்தான் காட்டிக் கொடுக்கும். ‘இங்’ சேர்க்கும்போது எழுத்தில் ‘டி’ இரட்டிக்கும்: ‘செட்டிங்’.

பரீட்சைக்கு ‘சிட்’டா ‘செட்’டா?

இரண்டும் உண்டு, ஆள்தான் வேறு. மாணவர் பரீட்சைக்கு உட்காருகிறார்: ‘சிட்’. வினாத்தாளைத் தயாரிப்பவர் ‘செட்’ பண்ணுகிறார். இரு, இருத்து என்ற பழைய சோடி இங்கே அப்படியே உயிரோடு நிற்கிறது. ‘ஷீ இஸ் செட்டிங் ஃபோர் த ஓ லெவல்’ என்று ஒரு தாய் எழுதினால், மகள் சாதாரணதரப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கிறாளோ என்று வாசிப்பவர் திகைப்பார். மகள் ‘சிட்டிங்’.

‘செட் டெக்ஸ்ட்’ என்றால் பாடவிதானத்தில் விதிக்கப்பட்ட நூல். இங்கே ‘செட்’ என்பது முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது என்ற பெயரடை. உணவகத்தில் காணும் ‘செட் மெனு’வும் அந்த வகைதான்: இன்ன உணவுகள், இன்ன விலை, மாற்றக் கேட்க முடியாது.

சூரியனும் செட் ஆகிறது, ஜெலியும் செட் ஆகிறது, சீமெந்தும் செட் ஆகிறது. இவற்றுக்குள் என்ன உறவு?

எல்லாம் அமர்கின்றன, அவ்வளவுதான். நாம் ‘பொழுது சாய்ஞ்சிட்டுது’ என்கிறோம், பொழுது சாய்கிறது. ஆங்கிலத்தில் அது சாயாமல் உட்காருகிறது. காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் இரண்டு உவமையும் சரியாகத்தான் தெரியும்.

திரவம் ஓடுவதை நிறுத்தித் தன் உருவத்தில் அமர்வதும் ‘செட்’. ‘த ஜெலி ஹாஸ் செட்’ என்றால் ஜெலி கட்டிப்பட்டுவிட்டது. ‘த ஜெலி ஹாஸண்ட் செட்’ என்றால் இன்னும் தளதளவென்று கிடக்கிறது. இந்த இரண்டாவது வாக்கியம் கொழும்பு வெக்கையில் அடிக்கடி தேவைப்படும் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுவோம்.

ஜெலட்டின் விலங்குப் புரதம். 500 மில்லிலீற்றருக்கு 10 முதல் 12 கிராம் தூளைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பிறகு சுடுநீரில் கரைத்துக் குளிரூட்டியில் வைக்க வேண்டும். கொதிக்க விட்டால் அதன் பிடிப்புக் குறையும். மேசையில் வைத்த ஜெலி வெளியே 30 பாகைச் சூட்டில் நேரம் போகப் போகத் தளர்ந்துவிடும். பச்சை அன்னாசியோ பப்பாசியோ போட்டால் எத்தனை மணித்தியாலம் குளிரூட்டியில் கிடந்தாலும் செட் ஆகாது. அந்தப் பழங்களிலுள்ள நொதியங்கள் புரதத்தை வெட்டிவிடும். அன்னாசியை வேகவைத்தோ தகரத்தில் அடைத்ததையோ போட்டால் பிரச்சினை இல்லை, சூட்டில் நொதியம் செத்திருக்கும்.

கடற்பாசி, அதாவது சைனா கிராஸ், வேறு சாதி. புரதம் அல்ல. நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் கரையும். 40 பாகைக்குக் கீழே வரும்போது வெளியிலேயே கட்டிப்படும், மறுபடி இளக 85 பாகை அளவுச் சூடு வேண்டும். நோன்புகாலத்தில் தட்டில் வெட்டி வைத்த கடற்பாசி மின்வெட்டிலும் கரையாமல் நிற்பது இதனால்தான். தூள் என்றால் 500 மில்லிலீற்றருக்கு 4, 5 கிராம் போதும்.

சீமெந்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘செட்’ வேறு, ‘ஹார்டன்’ வேறு. கலவை தன் குழைவை இழந்து உருவம் பிடிப்பது செட். அது சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வலு ஏறுவது ஹார்டன். அது நாள்கணக்கில் நடக்கும். 28 ஆவது நாளில் எடுக்கும் வலுவைத்தான் பொறியியலாளர் கணக்கில் கொள்வார். ‘இட் ஹாஸ் செட்’ என்று மேசன் பாஸ் சொன்னதை நம்பிப் பலகைத் தாங்கிகளைக் கழற்றக் கூடாது. செட் ஆகத் தொடங்கிய கலவைக்கு மேலும் தண்ணீர் ஊற்றிக் கிளறுவதும் கூடாது. மறுபடி குழையும், ஆனால் வலு போய்விடும். சீமெந்து நீர் பட்டவுடனே இறுகிவிடாமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள்.

மழைக்கும் இது வரும். ‘மழை பிடிச்சிட்டுது’ என்பதற்கு ‘த ரெய்ன் ஹாஸ் செட் இன்’. வந்து உட்கார்ந்துவிட்டது, இலேசில் போகாது என்ற தொனி. தென்மேற்குப் பருவமழைக்கும், புண்ணில் சீழ் பிடிப்பதற்கும், மனச்சோர்வுக்கும் ‘செட் இன்’ பொருந்தும். நல்ல காரியத்துக்கு அவ்வளவாக வராது.

கடையில் வாங்கும் ‘செட்’ ஒருமையா பன்மையா?

‘எ செட் ஒஃப் ஸ்பேனர்ஸ் இஸ்’ என்பதே பாதுகாப்பானது. பத்து ஸ்பேனர் இருந்தாலும் தொகுதி ஒன்று. தோடு இரண்டு என்றால் ‘பேர்’. தோடு, மாலை, வளையல் சேர்ந்தால் ‘செட்’. ‘கிட்’ என்பது ஒரு வேலைக்கு வேண்டிய வெவ்வேறு சாமான்கள். முதலுதவிப் பெட்டி ‘கிட்’ தான், ‘செட்’ ஆகாது. செட்டில் ஒன்று தொலைந்தால் அது குறையாக நிற்கும். இதைத் தேநீர்க்கோப்பை ஒன்று உடைந்த வீட்டில் விளக்க வேண்டியதில்லை.

தனிப் பொருளாகத் தெரியும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ‘செட்’ என்று வந்தது, பல பாகங்கள் சேர்ந்து ஒன்றாக இயங்குவதால். ‘ஜென்செட்’ என்பதில் இது இன்னும் வெளிப்படை: இயந்திரம் ஒன்று, மின்பிறப்பாக்கி ஒன்று, இரண்டும் ஒரே சட்டகத்தில்.

கணிதப் புத்தகத்தில் ‘செட்’ எங்கே?

இலங்கைப் பாடநூலில் அது ‘தொடை’. ‘சப்செட்’ தொடைப்பிரிவு, ‘யூனிவேர்சல் செட்’ அகிலத் தொடை, ‘இன்டர்செக்‌ஷன்’ இடைவெட்டு, ‘யூனியன்’ ஒன்றிப்பு. இணையத்தில் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்க்கும் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அங்கே அது ‘கணம்’, உட்கணம், வெட்டு, சேர்ப்பு. விடைத்தாளில் நம் பாடநூற் சொல்லையே எழுத வேண்டும். கணிதத்தில் ஒரு விசேடம்: ஒன்றுமே இல்லாத தொடையும் தொடைதான். செட்டியார் தெருவில் அதை விற்க முடியாது.

வங்கியிலும் நீதிமன்றத்திலும் வரும் ‘செட் ஓஃப்’, ‘செட் எசைட்’ என்றால் என்ன?

பணமும் வழக்கும் சம்பந்தப்பட்டவை, ஆகவே ஆறுதலாக வாசியுங்கள்.

‘செட் எசைட்’ என்பதற்கு வீட்டில் ஒதுக்கி வைத்தல் என்று பொருள். மாதச் சம்பளத்தில் 5,000 ரூபாவைப் பிள்ளைக்கென்று ‘செட் எசைட்’ பண்ணலாம். ஆனால் ‘த கோர்ட் ஒஃப் அப்பீல் செட் எசைட் த ஓர்டர்’ என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கட்டளையை இரத்துச் செய்துவிட்டது. ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பிறகு எடுப்பார்கள் என்று புரிந்துகொண்டால் முழுப்பிழை. வழக்கை வேறு நாளுக்குத் தள்ளுவது ‘அட்ஜேர்ன்’ அல்லது ‘போஸ்ட்போன்’. புதுக்கடையில் வழக்கு வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போடாமல் இருப்பது நல்லது.

‘செட் ஓஃப்’ இன்னும் வழுக்கலானது. நான்கு வேலை செய்யும். புறப்படுதல்: ‘வீ செட் ஓஃப் ஃபோர் ஜஃப்னா அட் டோன்’, விடியவே யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டோம். கிளப்பிவிடுதல்: இடுப்புப் பட்டியின் உலோகக் கொளுவி சோதனை வாயிலில் ஒலியெழுப்பினால் அது ‘செட் ஓஃப் த அலாம்’. எடுப்பாகக் காட்டுதல்: கரும்பச்சை பிளவுஸ் மாம்பழ நிறச் சேலையை ‘செட்ஸ் ஓஃப்’. நான்காவது, கணக்குக்குக் கணக்கு கழித்தல். கடன் ஒப்பந்தத்தில் ‘ரைட் ஒஃப் செட் ஓஃப்’ என்று ஒரு பந்தி இருந்தால் நின்று வாசியுங்கள். அதே வங்கியில் உங்களுக்கு 80,000 ரூபா சேமிப்பு இருக்கிறது, கடனில் 30,000 ரூபா நிலுவை விழுந்திருக்கிறது என்று வையுங்கள். அந்த 30,000 ஐச் சேமிப்பிலிருந்து கழித்து நேர்செய்ய வங்கிக்கு அந்தப் பந்தி இடம் தருகிறது. எந்தக் கணக்குகளுக்கு, என்ன அறிவித்தலோடு என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். கையொப்பமிட முன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

‘செட் அப்’, ‘செட் பேக்’: சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

வினை என்றால் பிரித்து, பெயர் என்றால் சேர்த்து. கடை ஒன்றைத் தொடங்கினால் இரண்டு சொல், தொடங்கிவைத்த அந்த ஒழுங்கைச் சொன்னால் ஒரு சொல். ‘ஹீ வோஸ் செட் அப்’ என்றால் அவரை மாட்டிவிட்டார்கள் என்பது இன்னொரு பொருள். ‘எல்லாம் செட்டப்’ என்று நாம் சொல்லும்போது வரும் சந்தேகத் தொனி அங்கேயும் இருக்கிறது.

‘செட் மீ பேக்’ என்றால் எனக்குச் செலவு வைத்தது: ‘த ரிப்பெயர் செட் மீ பேக் டென் தௌசண்ட்’. சேர்த்து எழுதும் ‘செட்பேக்’ பின்னடைவு. ஆனால் வீட்டு வரைபடத்தில் அதே சொல் காணி எல்லையிலிருந்தோ தெருவிலிருந்தோ கட்டடத்துக்கு விட வேண்டிய இடைவெளி. வரைபடத்தைப் பின்னடைவு என்று மொழிபெயர்த்தால் சிரிப்புத்தான் வரும்.

விளையாட்டில்?

இலங்கையின் தேசிய விளையாட்டு கரப்பந்து, 1991 இலிருந்து. அதில் ‘செட்’ இரண்டு வேலை பார்க்கிறது. ஆட்டத்தின் ஒரு பகுதி செட்: முதலில் 25 புள்ளி எடுப்பவருக்கு, ஐந்தாவது செட் மட்டும் 15. இரண்டிலும் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். வலைக்கருகே பந்தை விரல்நுனியால் உயர்த்தி அடிப்பவருக்குக் கொடுப்பதும் ‘செட்’, கொடுப்பவர் ‘செட்டர்’. ‘ஹீ செட் வெல் இன் த தேர்ட் செட்’ என்ற வாக்கியத்தில் இரண்டும் வந்துவிடுகிறது.

கிரிக்கெட்டில் இலக்கு வைப்பதற்கும் இதே சொல்தான். 1996 உலகக் கிண்ண இறுதியில் அவுஸ்திரேலியா 241 ஓட்டம் எடுத்தது. ‘ஒஸ்ட்ரேலியா செட் ஸ்ரீலங்கா டூ ஃபோர்ட்டி டூ டு வின்’. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுத்ததை எல்லோரும் அறிவோம். நிலைகொண்டுவிட்ட அப்படிப்பட்ட ஆட்டக்காரர் ‘செட் பட்ஸ்மன்’: கண்ணும் காலும் ஆடுகளத்தில் அமர்ந்துவிட்டன.

தச்சரும் அச்சகத்தாரும் சொல்லும் ‘செட்’ எது?

கைவாளின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் இலேசாகச் சாய்ப்பது வாளின் ‘செட்’. மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் வாளைக் கண்மட்டத்தில் பிடித்துப் பல்வரிசையை நுனியிலிருந்து நோட்டம் பார்ப்பது இதற்காகத்தான். சாய்வு இருந்தால் வெட்டுத்தடம் தகட்டைவிடச் சற்று அகலமாகும், வாள் இறுகாமல் ஓடும். சாய்வு இல்லாவிட்டால் ஈர மரத்தில் வாள் கவ்விக்கொள்ளும். கூடினால் வெட்டுமுகம் சொரசொரக்கும், மரமும் தூளாக வீணாகும். ஒரு பக்கம் மட்டும் கூடினால் வெட்டு அந்தப் பக்கமாக ஓடும். பல்லின் மேற்பாதியைத்தான் வளைக்க வேண்டும். அடியோடு வளைத்தால் முறியும்.

அச்சில் எழுத்துக் கோர்ப்பதும் ‘செட்’. ‘ஓஃப்செட்’ அச்சு என்ற பெயர் வந்தது, தகட்டிலுள்ள மை நேரே தாளில் படாமல் முதலில் இறப்பர் உறையில் பட்டு, அதிலிருந்து தாளுக்குப் போவதால்.

‘எனக்கு செட் ஆகல்ல’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

‘செட்’ போட்டுச் சொல்லவே முடியாது. ‘திஸ் ஜொப் டஸண்ட் செட் ஃபோர் மீ’ என்பது ஆங்கிலமே அல்ல. உடை என்றால் ‘சூட்’ அல்லது ‘ஃபிட்’, வேலை என்றால் ‘இட் இஸ் நொட் வேர்க்கிங் அவுட்’, ஆள் என்றால் ‘வீ டோண்ட் கெட் ஓன்’. பொடியள் ‘பின்னேரம் செட் ஆவம்’ என்பது சிங்களப் பேச்சின் ‘செட் வெமு’வோடு சேர்ந்து வளர்ந்த கொழும்பு வழக்கு. ஆங்கிலத்தில் ‘மீட் அப்’. ‘எங்கட செட்’ என்று கூட்டாளிகளைச் சொல்வது மட்டும் ஆங்கிலத்திலும் ஓரளவு செல்லும், ஆனால் அங்கே அதில் கொஞ்சம் பணக்கார வாசம் வீசும். ‘ஜெட் செட்’ என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘ஆல் செட்?’ என்று ஒருவர் கேட்டால் எல்லாம் ஆயத்தமா என்கிறார். ‘யெஸ், ஆல் செட்’ போதும். ‘செட் இன் ஹிஸ் வேய்ஸ்’ என்றால் தன் பழக்கத்தில் ஊறிப்போனவர், மாறமாட்டார். முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள்.

‘செட் டொப் பொக்ஸ்’ என்பதில் உள்ள ‘செட்’ எது?

தொலைக்காட்சிதான். அதன் தலையில் வைக்கும் பெட்டி என்பதால் வந்த பெயர். இன்றைய தட்டைத் திரையின் மேல் ஒரு தீப்பெட்டிகூட நிற்காது. பெட்டி கீழே இறங்கி வந்துவிட்டது, பெயர் இறங்கவில்லை.